முள்சீத்தா ஃபார்வேர்டைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? புற்றுநோயாளிகளுக்கும் வீட்டாருக்கும்

சேலத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் போதும், மறுநாளே வாட்ஸ்அப்பில் வைத்தியக் குறிப்புகள் வந்து குவியும். சீத்தாப்பழத்தின் உறவான முள்சீத்தாவைப் பற்றி வழக்கமாக வருகிற மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

"ஏற்காட்டு முள்சீத்தா இலைக் கஷாயம், கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி! டாக்டர்கள் மறைக்கும் ரகசியம். எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்."

படி 1: மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. எழுதியது யார் என்று அனுப்பிய சித்தப்பாவுக்கே தெரியாது.

படி 2: "எதில் சோதித்தார்கள்?" என்று கேளுங்கள். பாதி ஃபார்வேர்டுகள் இங்கேயே படுத்துவிடும். முள்சீத்தாச் சாறு ஆய்வுக்கூடத் தட்டில் இருந்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது உண்மைதான். ஆனால் அந்தத் தட்டில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் செல்கள் சாகும். மனித உடம்புக்குள் போய், நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் அழிக்கிறதா என்பதுதான் கேள்வி. முள்சீத்தா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் நடந்த எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை. அதில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்புகளைப் பாதிக்கக்கூடும் என்ற சந்தேகமும் ஆய்வாளர்களுக்கு உண்டு. என்றைக்கோ ஒரு துண்டு பழம் சாப்பிடுவது வேறு, மாதக்கணக்கில் கஷாயம் குடிப்பது வேறு.

படி 3: பெரிய பெயர் வந்தால் அந்தப் பெயரைத் தனியாகத் தேடுங்கள். "காரத்தன்மை உள்ள உணவு சாப்பிட்டால் புற்றுநோய் வாழாது, இதற்கு நோபல் வாங்கியவர் வார்பர்க்" என்பார்கள். ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றது நிஜம். ஆனால் பரிசு செல்களின் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு, கார உணவுக்கு அல்ல. எலுமிச்சை குடித்தாலும் சோடா குடித்தாலும் ரத்தத்தின் அமில-காரநிலையை (pH) நுரையீரலும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் பிடித்து வைத்துவிடும்.

"எனக்குத் தெரிந்தவர் குணமானார்" என்ற கதையில், அவர் வேறு என்ன சிகிச்சை எடுத்தார் என்று விசாரியுங்கள். 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் சித்து, மனைவியின் புற்றுநோய் வேம்பு, மஞ்சள், எலுமிச்சை என்று உணவுமுறையால் தீர்ந்ததாகப் பேசினார். நம்ப வேண்டாம் என்று மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் டாக்டர்கள் 262 பேர் அறிக்கை விட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆபரேஷனும் கீமோவும் நடந்திருந்தன.

படி 4: கடைசியில் போன் நம்பரும் விலையும் இருக்கிறதா? புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

படி 5: ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. (சிலர் திட்டவும் செய்வார்கள், அதற்காக விட்டுவிடாதீர்கள்.) ஓபியில் கூட்டம் நெரியும்போது வாய் வராது, அதனால் வீட்டிலேயே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன பொருள், ஒரு வேளைக்கு எவ்வளவு, எப்போதிலிருந்து. டப்பா இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயமில்லை. ஆனால் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை அதிக அளவில் போனால் ரத்தம் உறைவதைக் குறைக்கலாம், ஆபரேஷனுக்கு முன் இது முக்கியம். கீமோவுக்குப் பின் வெள்ளணு குறைந்திருக்கும்போது, சரியாகக் கழுவாத பச்சிலைச் சாறு தொற்றைக் கொண்டுவரும். டாக்டரைப் பார்க்க நாளாகும் என்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்கு போன் செய்து கேட்கலாம்.

படி 6: அனுப்பியவரிடம் சண்டை வேண்டாம், அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். இப்படிப் பதில் போடலாம்: "பெரியம்மா, பார்த்தேங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வேற யாருக்கும் அனுப்பாதீங்க."

அப்புறம், குடும்ப குரூப்பை நோயாளியின் போனில் மியூட் செய்துவிட்டு, பதில் போடும் வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.