சிமுலேட்: இந்த ஆங்கில வினைச்சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளைத் திருத்திக் கொடுக்கும்போது நான் அடிக்கடி நிறுத்திப் படிக்கும் சொல் இது. பொருள் தெரியாமல் யாரும் எழுதுவதில்லை. அதற்குப் பின்னால் எந்தச் சொல் வரலாம் என்பதில்தான் சறுக்குகிறார்கள். அதனால் இந்தப் பாடத்தில் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

படி 1: உச்சரிப்பு

சிம் – யு – லெய்ட். மூன்று அசை, அழுத்தம் முதல் அசையில். பெயர்ச்சொல்லான சிமுலேஷனில் அழுத்தம் ‘லே’க்கு நகர்ந்துவிடும். கடந்த காலம் சிமுலேட்டட், கருவி சிமுலேட்டர். அவ்வளவுதான்.

படி 2: வேரைப் பிடியுங்கள்

லத்தீனில் ‘சிமிலிஸ்’ என்றால் ‘போன்ற’. சிமிலர் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். தமிழில் ‘போல’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். போலச் செய்வதும் அதிலிருந்து வருகிறது, போலியும் அதிலிருந்தே வருகிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே இரண்டு முகங்கள் உண்டு.

பழைய முகம் பாசாங்கு. யாரும் தட்டிவிடாமலேயே கீழே விழுந்து நடுவரை ஏமாற்றப் பார்க்கும் கால்பந்து வீரருக்கு மஞ்சள் அட்டை காட்டுவார்களே, அந்தக் குற்றத்துக்குப் பெயரே சிமுலேஷன். தோல் மாதிரி இருக்கும் செயற்கைப் பொருளை சிமுலேட்டட் லெதர் என்பதும் இந்த வகைதான்.

இன்று நமக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவது முகம்: உண்மையான ஒரு நிலைமை எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே நடந்துகொள்ளும் ஒன்றை ஆபத்தில்லாத இடத்தில் உருவாக்குவது.

படி 3: ‘எதை?’ என்று கேளுங்கள்

இது செயப்படுபொருள் கேட்கும் வினை. ‘எதை சிமுலேட் செய்தோம்?’ என்ற கேள்விக்கு விடையாக ஒரு நிலைமையோ, நிகழ்வோ, அமைப்போ வர வேண்டும். ஆள் வரக் கூடாது.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்துக்கு ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை இருந்தது. அங்கே பழகிய காற்றுத் துருத்திகளை வைத்தே 1920களின் இறுதியில் அவர் விமானப் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து கம்பியை அசைத்தால் துருத்திகள் உப்பிச் சுருங்கி, பெட்டி முழுவதும் சாயும், திரும்பும். தரையைவிட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாது. இதை எப்படி எழுதுவோம்? ‘தி டிரெய்னர் சிமுலேட்ஸ் ஃப்ளைட்.’ எதை? பறத்தலை. ‘சிமுலேட்ஸ் தி பைலட்’ என்று எழுதினால் விமானியையே போலியாகச் செய்வதுபோல ஆகிவிடும்.

இன்னொரு உதாரணம். 2009 ஜனவரியில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த விமானம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். விசாரணையில், விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியுமா என்று சிமுலேட்டரில் பார்த்தார்கள். மோதிய நொடியே திரும்பியபோது சில முயற்சிகள் ஓடுபாதையை எட்டின. ஆனால் நிஜத்தில் விமானிக்கு நடந்ததைப் புரிந்துகொள்ளவே நேரம் வேண்டுமே! 35 விநாடி தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தபோது ஓடுபாதையை எட்ட முடியவில்லை. ‘தே சிமுலேட்டட் தி டிலே’ என்று எழுதலாம், தாமதமும் ஒரு நிலைமைதான். எந்த நிலைமையை விட்டுவிட்டோம் என்பதே முடிவை மாற்றிவிடுகிறது. உங்கள் அறிக்கையிலும் அந்தச் செயப்படுபொருளைத் துல்லியமாக எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதன் உறவுச் சொல் ஒன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம்: சிமுலன்ட். ஒன்றைப் போலவே செய்யப்பட்ட பொருளுக்கு இந்தப் பெயர். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையை அரைத்து நிலவு மண் போன்ற ஒன்றை இஸ்ரோ தயாரித்து, சந்திரயான் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது. அந்த மண்தான் லூனார் சாயில் சிமுலன்ட்.

படி 4: பின்னால் வரக் கூடாதவை

‘சிமுலேட் அபவுட்’, ‘சிமுலேட் டு’, ‘சிமுலேட் தட்’ மூன்றும் வேண்டாம். ‘சிமுலேட் ஹவ் ஃபயர் ஸ்ப்ரெட்ஸ்’ என்று ‘ஹவ்’ போட்டு எழுதலாம். ‘தீ எப்படிப் பரவுகிறது’ என்பது முழுதாக ஒரு செயப்படுபொருளாக நிற்கிறது. கருவியைச் சொல்ல ‘யூஸிங்’ போதும்.

படி 5: குழப்பும் சொற்கள்

ஸ்டிமுலேட் என்றால் தூண்டுவது. ‘எஸ்’ஸுக்குப் பின்னால் ‘டி’ என்ற ஒரே ஓர் எழுத்து கூடுதல், பொருளோ எங்கோ போய்விடுகிறது. பசியைத் தூண்டுவது ஸ்டிமுலேட். எமுலேட் என்றால் ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு அவர் அளவுக்கு வர முயல்வது. ‘என் அப்பாவைப் போல ஆக விரும்புகிறேன்’ என்பதற்கு எமுலேட்தான். கணினியில் எமுலேட்டர் என்றால் வேறு ஒரு கருவிக்காக எழுதிய மென்பொருளை இந்தக் கருவியில் ஓட வைப்பது. ஒருவரின் பேச்சையோ நடையையோ அப்படியே செய்து காட்டுவது இமிடேட்.

படி 6: இப்போது நீங்கள்

விடையைப் பார்க்காமல் எந்தச் சொல் வரும் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அ. இந்தத் தொட்டியில் சுனாமி அலையைப் போன்ற அலையை உருவாக்குகிறார்கள்.
ஆ. மழை பயிரின் வளர்ச்சியைத் தூண்டியது.
இ. தம்பி டீச்சர் மாதிரியே பேசிக் காட்டினான்.
ஈ. வெயிலில் பேட்டரி எப்படிச் சூடாகும் என்பதைக் கணினியில் உருவாக்கிப் பார்த்தோம்.

விடை: சிமுலேட், ஸ்டிமுலேட், இமிடேட், சிமுலேட். நான்காவதில் ‘ஹவ்’ போட்டிருந்தால் மிகச் சரி.