கேரவன்ல நெல்லைப் பக்கம் வர்றீங்களா, கழிவுத் தொட்டி விஷயத்துல இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறுன்னு டாய்லெட் வச்ச கேரவன் எடுத்துட்டு கிளம்புறவங்க பண்ற மொத தப்பு, டேங்க் நிறைஞ்ச பொறவு அதை எங்க காலி பண்றதுன்னு தேடுறது. அமெரிக்காவுல கேம்ப்கிரவுண்டு, சில ஹைவே ரெஸ்ட் ஏரியான்னு டம்ப் ஸ்டேஷன், அதாவது வண்டிக் கழிவ காலி பண்ற இடம் இருக்கும், ஆப்ல பாத்துட்டே போயிரலாம். நம்ம பக்கம் அதை நம்பி வண்டிய எடுக்காதீங்க. ரூம் இல்ல தோப்புல இடம் புக் பண்ணும்போதே, அண்ணாச்சி உங்க செப்டிக் டேங்க் பெருசா, வண்டி கிட்ட வருமா, ஓஸ் விட்டுக்கிடலாமான்னு கேட்டு வச்சுக்கிடுங்க. ஒத்துக்கிட்டா அதுக்கு தனியா காசும் குடுங்க. இடம் அமையலன்னா செப்டிக் டேங்க் லாரிதான், 14420-ங்கிற கழிவுநீர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு கேக்கலாம், லைசென்ஸ் உள்ள லாரியா, சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டு போகுதான்னு விசாரிங்க. அடைப்பு எடுக்க யாரையும் தொட்டிக்குள்ள இறங்கச் சொல்லாதீங்க, எவ்வளவு அவசரம்னாலும் சரி. மனுஷக் கழிவ மனுஷனே அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படியே அது குத்தம், உயிர் போற வேலை.

ராத்திரி யாரும் பாக்கலன்னு ஓடையிலயோ கன்னடியன் கால்வாய்லயோ வால்வ திறந்து விடுறது இருக்கே, அதை மன்னிக்கவே முடியாது. தாமிரபரணி பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருற வரைக்கும் நெல்லையும் தூத்துக்குடியும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது, வயலுக்கும் அதான் பாயுது. பாத்திரம் கழுவுன தண்ணிதானேன்னு அதையும் விடாதீங்க, எண்ணெயும் சோப்பும் அதுல இருக்கு. ஆத்துல கழிவு விடுறது 1974 தண்ணீர் சட்டத்துல குத்தம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள போறவங்க செக்போஸ்ட்டுக்கு முந்தியே காலி பண்ணிருங்க.

இனி டேங்க். டாய்லெட் டேங்க் வால்வ எப்பவும் திறந்தே வச்சா தண்ணி மட்டும் ஓடிரும், கட்டியெல்லாம் அடியில கோபுரம் மாதிரி குவிஞ்சு காஞ்சு போயிரும், நம்ம ஊர் வெயிலுக்கு அப்புறம் அதை எடுக்குறது பெரும்பாடு. அதனால மூடியே வச்சு, மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்சதும் திறங்க, ஒவ்வொரு தடவையும் தாராளமா தண்ணி ஊத்துங்க. வெட் வைப்ஸ், நாப்கின், டயப்பர் எதுவும் உள்ள போகக்கூடாது. நாத்தத்துக்கு பிளீச்சிங் பவுடர், பார்மலின் கலந்த மருந்து ஊத்துறவங்க ஒண்ணு யோசிக்கணும், அது நம்மள நம்பி இடம் குடுத்தவரோட செப்டிக் டேங்க்ல இருக்க நல்ல பாக்டீரியாவையும் கொன்னுரும்.

காலி பண்ணும்போது கிளவுஸ் போட்டு, ஓஸ் ரெண்டு பக்கமும் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டுதான் வால்வுல கைய வைக்கணும். டாய்லெட் டேங்க்தான் மொதல்ல, சிங்க்கு தண்ணி பொறவு, அப்பதான் ஓஸ் கழுவுப்படும். குடிதண்ணி ஓஸ் இது பக்கத்துலயே வரக்கூடாது, வேற நிறத்துல வாங்கி வேற பெட்டியில வைங்க. சின்ன வண்டியில கழட்டுற கேசட் டாய்லெட்னா வேலை சுளுவு, சாதாரண கக்கூஸ்லயே மெதுவா ஊத்தி தண்ணி விட்டுரலாம், ஊத்துன இடத்தை நீங்களே கழுவிவிட்டுட்டு வாங்க.