ஒரு பாஸ் கலைஞரைப் பின்தொடர்ந்து ஜாஸ் சேகரிக்கும் முறை

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் காசை விடுகிறார்கள். ‘கட்டாயம் கேட்க வேண்டிய நூறு’ என்பது போன்ற பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட முழுதாகக் கேட்காத தட்டுகளால் அலமாரியை நிரப்புவது ஒன்று. எந்த இசைக்காக என்று தெளியும் முன்பே பெரிய ஸ்பீக்கர்களை வாங்கி வைத்துவிட்டு, அவற்றில் எடுபடும் இசையைப் பிறகு தேடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்க்க நான் சொல்லும் வழி எளியது: டபுள் பாஸ் (வயலின் குடும்பத்தில் மிகப் பெரியதும் கீழ்ச்சுருதியில் ஒலிப்பதுமான தந்தி வாத்தியம்) வாசிக்கும் கலைஞர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் போன இடமெல்லாம் நீங்களும் போங்கள். அடுத்து எந்தத் தட்டை வாங்குவது என்பதையும், வீட்டில் உள்ள கருவி சரியாக அமைந்திருக்கிறதா என்பதையும் அவருடைய வாசிப்பே உங்களுக்குச் சொல்லிவிடும்.

உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது டிரம்பெட்டோ சாக்ஸபோனோ பியானோவோ வாசிப்பவரின் பெயர். பாஸ் வாசித்தவரின் பெயர் பின்னட்டையில் பொடி எழுத்தில் கிடக்கும். ஆனால் 1950களின் நியூயார்க்கில் கைதேர்ந்த பாஸ் கலைஞர் ஒருவரை எல்லாக் குழுத்தலைவர்களும் அழைத்தார்கள். எனவே அவரைப் பிடித்துக்கொண்டால், பல தலைவர்கள், பல நிறுவனங்கள், பல ஒலிப்பதிவுக் கூடங்கள் எல்லாம் ஒரே நூலில் கோத்தது போல வந்துசேரும்.

பால் சேம்பர்ஸ் வழியாக

என் பரிந்துரை பால் சேம்பர்ஸ். 1935இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். 1955இல், இருபது வயதில், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்து 1963 வரை அதில் இருந்தார். 1969இல், 33 வயதிலேயே, மறைந்தார். இந்தக் குறுகிய காலத்தில் அவர் வாசித்த பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே அந்த யுகத்தின் ஜாஸ் இசையில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

முதலில் வாங்க வேண்டியது மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. இது 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க்கின் முப்பதாவது தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அடுத்தது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெயின்’. 1957 செப்டம்பர் 15 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹேக்கன்சாக் ஊரில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையையே கூடமாக்கிப் பதிவு செய்தது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்தபடியே ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் போன்ற நிறுவனங்களுக்கு அவர் செய்துகொடுத்த பதிவுகள்தாம், ஜாஸ் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று நம் காதுகளில் பதிந்திருக்கும் ஒலி. இவ்விரண்டோடு பியானோ கலைஞர் சோனி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’, அட்லாண்டிக் நிறுவனத்துக்காகக் கோல்ட்ரேன் பதிவு செய்த ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னதில் உள்ள ‘மிஸ்டர் பி.சி.’ என்ற உருப்படி சேம்பர்ஸுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

ஐந்தாவதாக, சாக்ஸபோன் கலைஞர் ஆர்ட் பெப்பரின் ‘ஆர்ட் பெப்பர் மீட்ஸ் தி ரிதம் செக்‌ஷன்’. இது 1957 ஜனவரி 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், கன்டெம்பொரரி நிறுவனத்தின் சரக்குக் கட்டும் அறையில், ராய் டுனான் என்பவரால் பதிவு செய்யப்பட்டது. இதையும் ‘ப்ளூ ட்ரெயின்’ தட்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே ஆண்டு, அதே பாஸ் கலைஞர். ஆனால் வான் கெல்டர் பதிவில் ஊதுவாத்தியங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். டுனான் பதிவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் சுற்றிக் காற்று இருக்கும். ஒலிப்பதிவாளர் என்பவர் இசையில் எவ்வளவு பங்கு வகிக்கிறார் என்பதை இந்த ஒரு மாலை கற்றுத்தருவது போல வேறெதுவும் கற்றுத்தராது.

எந்த அச்சை வாங்குவது

முதல் அச்சே, அதாவது இசை முதலில் வெளியானபோது அச்சிட்ட தட்டே, சிறந்தது என்ற நம்பிக்கை சேகரிப்பாளர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விலை உயர்வதற்கு அது போதுமான காரணம். நல்ல ஒலி கிடைப்பதற்கு அது மட்டும் போதாது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவின் முதல் நாளன்று முதன்மை டேப் கருவி சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் திருப்பி ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி சற்றே ஏறி ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அவற்றை அந்தச் சுருதியிலேயே கேட்டது. உடன் ஓடிய மாற்றுக் கருவியின் டேப்பைக் கொண்டு 1992இல்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே பெரும் விலை கொடுத்து வாங்கும் 1959ஆம் ஆண்டுத் தட்டில் உள்ளது, இசைஞர்கள் வாசித்த சுருதி அன்று. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக நினைப்பவர் 1992க்குப் பிந்திய வெளியீட்டையே வாங்க வேண்டும்.

மறுவெளியீடு வாங்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இந்தத் தட்டு எந்த டேப்பிலிருந்து, யார் கையால் வெட்டப்பட்டது (அதாவது, டேப்பில் உள்ள இசை அச்சுக்கான மூலத்தட்டில் கோடாகப் பொறிக்கப்பட்டது)? விடை உறையிலோ விளம்பரத்திலோ தெளிவாக இருந்தால் நம்பலாம். ப்ளூ நோட் 2019இல் தொடங்கிய டோன் போயட் வரிசை, ஜோ ஹார்லியின் மேற்பார்வையில், கெவின் கிரே மூல அனலாக் டேப்பிலிருந்து நேரடியாக வெட்டியவை. இருப்பவற்றுள் என் கையில் அதிகம் புழங்குபவை இவைதாம். விடையே சொல்லாமல் வரும் மலிவுப் பதிப்புகளுள் பல, ஏதோ ஒரு குறுந்தட்டிலிருந்து (சி.டி.) எடுத்து அச்சிட்டவையாகவே இருக்கும். அதற்குக் குறுந்தட்டையே வாங்கிவிடலாம். குறுந்தட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். தம் பழைய பதிவுகளை வான் கெல்டரே மீண்டும் சீர்செய்து கொடுத்த ப்ளூ நோட் குறுந்தட்டு வரிசை உண்டு. ஒரு புதிய தட்டின் விலைக்கு அவற்றில் இரண்டு மூன்று கிடைக்கும்.

பழைய தட்டு வாங்குவதானால், அதைச் சாய்த்துப் பிடித்து ஒற்றை விளக்கொளியில் பாருங்கள். குழல் விளக்கின் பரவிய ஒளி கீறல்களை மறைத்துவிடும். கைவிளக்கின் கூர்மையான ஒளியில் அவை முடிபோல எழுந்து நிற்கும். மேலோட்டமான கீறல் பெரும்பாலும் ஒலிக்காது. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்று கேட்டே தீரும். பிறகு, இசைக்கோடு முடிந்து நடு லேபிள் தொடங்கும் முன் உள்ள வழுவழுப்பான வளையத்தைப் பாருங்கள். பழைய ப்ளூ நோட் தட்டுகளில் வான் கெல்டர் பெயரோ அவர் முதலெழுத்துகளோ அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ப்ளூ நோட் தட்டுகளை அச்சிட்ட ப்ளாஸ்டிலைட் ஆலையில் 1960களின் நடுப்பகுதி வரை அச்சான தட்டுகளில் சிறு காது போன்ற ஒரு குறியும் இருக்கும். உறையை மாற்றி வைத்து விற்பவர்கள் உண்டு. அந்த வளையத்தில் உள்ளதை மாற்ற முடியாது. அதில் உள்ள எண்களை, தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கருவிகள்

டர்ன்டேபிள், அதன் கைமுனையில் ஊசியும் அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜும், ஃபோனோ ப்ரீஆம்ப், ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர்கள்: இவை போதும். தட்டை வெட்டும்போதே கீழ்ச்சுருதி ஒலிகளின் வலுவைக் குறைத்தும் மேல்சுருதி ஒலிகளின் வலுவைக் கூட்டியும் வெட்டுகிறார்கள், ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் அந்த அளவுகோல் 1954 முதல் பொதுவழக்கானது. அதைத் தலைகீழாக்கி இயல்புக்குக் கொண்டுவருவதுதான் ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை. அது இல்லாமல் டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபையரின் சாதாரண வாயிலில் செருகினால், சேம்பர்ஸ் இருந்த இடமே தெரியாமல் தகரம்போல் ஒரு ஒலி வரும்.

வெளிநாட்டிலிருந்து பழைய டர்ன்டேபிள் வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எனக்கு முதலில் கிடைத்தது, உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, பெல்ட்டில் ஓடும் பழைய கருவி. 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டி, ஆசையோடு ஓடவிட்டேன். பாட்டு முழுவதும் இறங்கி, இழுத்து, அழுவது போல ஒலித்தது. பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றியும் பயனில்லை. உண்மையில் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே மாற்றும். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணுக்குச் செய்த மோட்டார், நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகவே சுற்றும். சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம், அதாவது சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம், இறங்கிவிடும். நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) ஓடும் மோட்டாரோ, பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுழற்றும் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ உள்ள கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை.

ஊசியின் பாரத்தைக் கையடக்க மின்னணுத் தராசில் அளந்தே வையுங்கள். பெரும்பாலான மூவிங் மேக்னட் (ஊசியோடு சிறு காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 2 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் சற்றுக் கூடுதலாக இருப்பதே நல்லது. பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்துக் குறைப்பவர்கள், ஊசி பள்ளத்துக்குள் நிலைகொள்ளாமல் துள்ளி அதன் சுவர்களைச் சிதைப்பதை அறிவதில்லை. மோனோ தட்டு (இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி வரும் பழைய வகை) வைத்திருப்பவர்கள், ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் உண்டா என்று பார்த்து வாங்குவது நல்லது. மோனோ தட்டில் இசை ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுக்க இரைச்சல். பொத்தானை அழுத்தினால் அந்த இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1957ஆம் ஆண்டு மோனோ தட்டு ஒன்றில் அதை அழுத்தும் கணத்தில் சரசரப்பு அடங்கி வாத்தியங்கள் தெளிவதைக் கேட்பது தனி இன்பம்.

பணத்தில் பாதியை ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்குங்கள். ஆம்ப்ளிஃபையருக்கு 40, 50 வாட் நடுத்தர அறைக்குப் போதும்.

அறை

நம் வீடுகளில் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை உள்வாங்காமல் திருப்பி அடிக்கின்றன. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘டிர்ர்’ என்று ஓர் அதிர்வு தொடர்ந்தால், எவ்வளவு விலையுள்ள கருவியும் அந்த அறையில் தோற்கும். ஸ்பீக்கர்களுக்கும் நாற்காலிக்கும் இடையே தடித்த கம்பளமோ, இரண்டாக மடித்த ஜமுக்காளமோ விரியுங்கள்; ஸ்பீக்கர்களுக்கு எதிரே உள்ள சுவரில் புத்தக அலமாரி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும்.

இப்போது ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் உருப்படியான ‘சோ வாட்’டை வையுங்கள். தாளக்கட்டின்றிப் பியானோவும் பாஸும் மெல்லப் பேசிக்கொண்டு தொடங்கும். பிறகு பாஸ் தனியே கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். ஸ்டீரியோ தட்டானால், பியானோ இடப்பக்கமும் டிரம்ஸ் வலப்பக்கமும் இருக்க, பாஸ் சரியாக நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர்களின் தூரத்தைச் சரிசெய்யுங்கள். அதன் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே காதில் விழ வேண்டும். சில சுரங்கள் மட்டும் ‘கும்’மென்று வீங்கினால், ஸ்பீக்கர்கள் சுவருக்கு மிக அருகில் இருக்கின்றன என்று பொருள். அரை அடி முன்னால் இழுத்து மறுபடி கேளுங்கள். டபுள் பாஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே முழுதாக இறங்குவதில்லை என்றாலும், விரல் தந்தியை இழுத்து விடும் ஓசை தெளிவாக இருந்தால் காது எஞ்சியதை நிரப்பிக்கொள்ளும். மைல்ஸின் தனிவாசிப்பு தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி அடிப்பார். அந்த ஒலி சட்டென்று அறுபடாமல், வலப்பக்கம் மினுமினுத்து மெல்லக் கரைய வேண்டும். இந்த ஒன்றரை நிமிடம் ஒழுங்காக ஒலிக்கும் வரை புதிய கருவி எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

பராமரிப்பு

தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். படுக்கையாக அடுக்கினால் வளையும். மாலை வெயிலில் சூடேறும் மேற்குச் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். மூடிய காருக்குள் தட்டை விட்டுவிட்டுக் கடைக்குப் போகவும் வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் காகித உள்ளுறைகள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், பிளாஸ்டிக் பூச்சுள்ள உள்ளுறைக்கு மாற்றி, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கார்பன் இழைத் தூரிகையால் தூசி தட்டுங்கள். அழுக்கேறிய தட்டைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவலாம். பழைய 78 சுற்றுத் தட்டு கைக்கு வந்தால் ஆல்கஹால் கலந்த எதையும் அதன்மேல் படவிடாதீர்கள். அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும்.

சேம்பர்ஸின் பெயரிலேயே வந்த ‘பாஸ் ஆன் டாப்’ தட்டைக் கடைசியில் வாங்குங்கள். அதன் முதல் உருப்படியில் அவர் வில்லால் இழைத்து வாசிக்கிறார். வயலினுக்குப் பழகிய நம் காதுக்கு, வில் தந்தியில் உரசும் சொரசொரப்பு கேட்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். அது கேட்டுவிட்டால் அடுத்தவரிடம் போகலாம்: ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் பதிவு செய்த கச்சேரியில், ஸ்காட் லஃபாரோ என்ற இருபத்தைந்து வயது இளைஞர் பாஸ் வாசிக்கிறார்.