தொழில்நுட்பத் தடை, சுங்கவரி: வாதத்தில் இறங்குமுன் ஆவணத்தைச் சரிபார்ப்பது எப்படி

“அந்த நிறுவனத்தைத் தடை செய்துவிட்டார்கள்” என்ற வரியிலிருந்துதான் பல விவாதங்கள் கிளம்புகின்றன. அதை ஆதரிக்கவோ மறுக்கவோ உட்காருமுன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தச் சட்டம் அல்லது உத்தரவு, அது யார் கையைக் கட்டுகிறது, எந்தத் தேதியிலிருந்து. இவை தெரியாமல் பேசினால் இரு தரப்பும் ‘தடை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு விஷயத்துக்காக மோதிக்கொண்டிருப்பார்கள்.

எந்தத் தடை?

சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயை எடுத்துக்கொள்வோம். 2019 மே மாதம் அமெரிக்க வணிகத் துறை அதை ‘என்டிட்டி லிஸ்ட்’டில் சேர்த்தது. இது ஏற்றுமதிக் கட்டுப்பாடு. அமெரிக்க ஏற்றுமதி விதிகளுக்கு உட்பட்ட பொருளையோ மென்பொருளையோ அந்த நிறுவனத்துக்குக் கொடுப்பவர் முதலில் உரிமம் வாங்க வேண்டும். கட்டுப்படுவது கொடுப்பவர்தான், ஹுவாவே போனை வாங்குபவரை இந்தப் பட்டியல் தொடுவதில்லை.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘கவர்டு லிஸ்ட்’ வேறு. அதிலும் ஹுவாவே உண்டு. 2022 நவம்பரில் அந்த ஆணையம், பட்டியலில் உள்ள தொலைத்தொடர்புக் கருவிகளுக்குப் புதிய அனுமதி தருவதில்லை என்று முடிவெடுத்தது. அனுமதி இல்லாமல் ஒரு புதிய மாடலை அமெரிக்கச் சந்தையில் விற்க முடியாது. முந்தையது ஏற்றுமதியை மறிக்கிறது, இது இறக்குமதியையும் விற்பனையையும் மறிக்கிறது. ஒன்றுக்கான ஆதாரத்தை மற்றதற்குக் காட்டுவது, இந்த வாதங்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

மென்பொருளுக்கும் இதே சோதனைதான். ரஷ்ய வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனமான காஸ்பர்ஸ்கி மீது 2024 ஜூனில் வந்த உத்தரவுப்படி அமெரிக்காவில் ஜூலை 20 முதல் புதிய விற்பனை கூடாது, செப்டம்பர் 29 முதல் அப்டேட் கூடாது. ஏற்கெனவே வைத்திருக்கும் தனிநபருக்குத் தண்டனை ஏதுமில்லை. டிக்டாக் விஷயத்தில் 2024 ஏப்ரலில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் ஆப் ஸ்டோர்களையும் சர்வர் சேவை தருபவர்களையும் குறிவைக்கிறது. இந்தியா 2020 ஜூன் 29 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 59 செயலிகளை முடக்கியது நேரடி அணுகல் தடை. ஐந்தையும் ‘பேன்’ என்றே எழுதுகிறார்கள், ஆனால் ஐந்தும் வேறு வேறு ஆட்களைக் கட்டுப்படுத்துகின்றன.

என்டிட்டி லிஸ்ட்டைச் செய்தித்தாளில் படிக்காதீர்கள். மூலமே பொதுவில் இருக்கிறது. அமெரிக்க ஏற்றுமதி விதிகளின் 744ஆம் பகுதியில், 4ஆம் இணைப்பு அது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உரிமம் எதற்குத் தேவை, விண்ணப்பத்தை எந்த அடிப்படையில் பரிசீலிப்பார்கள், எந்த அரசிதழ் அறிவிப்பில் சேர்த்தார்கள் என்ற பத்திகள் இருக்கும். முக்கியமானது நடுப்பத்தி. ‘மறுக்கப்படும் என்ற அனுமானம்’ என்றிருந்தால் உரிமம் கிடைப்பது அரிது. ‘ஒவ்வொன்றாகப் பரிசீலனை’ என்றிருந்தால் வியாபாரம் தொடர வழி உண்டு. இதைப் பார்க்காமல் “முழுத் தடை” என்று எழுதாதீர்கள்.

பெயரையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். துணை நிறுவனம் தனியாகப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் உள்ளவர்களுக்கு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் சொந்தமான நிறுவனங்களும் தானாகவே கட்டுப்படும் என்ற விதி 2025 செப்டம்பரில் வந்தது. நவம்பரில் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டே மாத இடைவெளியில் சரியான பதில் இருமுறை மாறிவிட்டது. அதனால் தேதி போடாத வாதத்துக்கு இங்கே மதிப்பில்லை.

மென்பொருள் பற்றிய குற்றச்சாட்டு

“ஹுவாவேயிடமிருந்து ஆண்ட்ராய்டைப் பிடுங்கிவிட்டார்கள்” என்பது இன்றும் சுற்றுகிறது. பொதுவில் வெளியிடப்பட்ட திறந்த மூலக் குறியீடு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல், பொதுவாக அந்த ஏற்றுமதி விதிகளுக்குள் வருவதில்லை. ஆகவே ஆண்ட்ராய்டின் திறந்த மூலப் பகுதி கையில் இருந்தது. போனது, கூகுளின் உரிமத்தோடு வரும் ப்ளே ஸ்டோர், மேப்ஸ் போன்றவை. 2019 செப்டம்பரில் அறிமுகமான மேட் 30 அப்படித்தான் கூகுள் செயலிகள் இல்லாமல் வந்தது.

‘திறந்த மூலம்’ என்று ஒருவர் சொன்னால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். குறியீடு சேமிக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தில் அந்தப் பதிப்பின் டேகை (பதிப்பு அடையாளத்தை) தேர்ந்தெடுத்து அங்குள்ள உரிமக் கோப்பைத் திறக்க வேண்டும். முகப்புப் பக்கம் இன்றைய நிலையை மட்டுமே காட்டும். ஹாஷிகார்ப் என்ற மென்பொருள் நிறுவனம் 2023 ஆகஸ்டில் உரிமத்தை மாற்றியது. அதன் டெராஃபார்ம் மென்பொருளின் 1.5 வரிசை பழைய எம்பிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்க, 1.6 முதல் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைக்கும் பிசினஸ் சோர்ஸ் உரிமம். பதிப்பு எண் சொல்லாவிட்டால் இரண்டு பேருமே சரி, இரண்டு பேருமே தவறு.

அடுத்தது ‘பின்கதவு’, அதாவது மென்பொருளுக்குள் ரகசியமாக நுழைய வைத்த வழி. பாதுகாப்புக் குறை வேறு, வேண்டுமென்றே வைத்த பின்கதவு வேறு. 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் குறை (சிவிஇ-2021-44228; சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது அடையாள எண்), எழுதியவர்களின் வடிவமைப்புப் பிழை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்டது திட்டமிட்டு நுழைத்தது. பின்னதில் தீங்கைத் தூண்டும் கட்டமைப்புக் கோப்பு, பயனர்களுக்கு விநியோகிக்கும் வெளியீட்டு டார் பொதியில் இருந்தது, குறியீட்டைப் பொதுவில் வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. “குறியீடு திறந்திருக்கிறது, யாரும் பார்க்கலாம்” என்ற வாதம் சறுக்கும் இடம் இதுதான். விநியோகிக்கப்படும் பொதியும் களஞ்சியமும் ஒன்றா என்று யார் சரிபார்த்தார்கள் என்பதையே கேட்க வேண்டும். மாறாக, ஒரு சிவிஇ எண்ணை மட்டும் காட்டி “உளவு பார்க்கிறார்கள்” என்பவரிடம் நோக்கத்துக்கான ஆதாரத்தைக் கேட்பது நியாயமே.

“இந்தச் செயலி தரவை அந்த நாட்டுக்கு அனுப்புகிறது” என்று நீங்களே சொல்லப்போகிறீர்களா? செயலியின் பதிப்பு, இயங்குதளப் பதிப்பு, தேதி, டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவலைத் தானாக அனுப்பும்) அமைப்பு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எழுதுங்கள். செயலியை நிறுவாத நிலையில் ஒரு முழு நாள், நிறுவியபின் ஒரு முழு நாள் என்று பாக்கெட் பதிவு (சாதனம் இணையத்தில் அனுப்புவதும் பெறுவதுமான தரவின் பதிவு) எடுத்து ஒப்பிடுங்கள். ஐபி முகவரி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டும் ஆதாரமாகாது; உள்ளடக்க விநியோக வலையமைப்புகளின் முகவரிகள் பல நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. இணையப் போக்குவரத்து குறியாக்கப்பட்டிருப்பதால் டொமைன் பெயரும் அளவும் தெரியும், உள்ளே என்ன போகிறது என்பது தெரியாது. செயலி தனக்குத் தெரிந்த பாதுகாப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கும்படி பூட்டிவைத்திருந்தால் ப்ராக்ஸி (நடுவில் நின்று தரவைப் பார்க்கும் கணினி) வழியாகவும் திறக்க வராது. தெரிந்த மட்டும் சொல்லுங்கள்: “இந்த டொமைனுக்கு இவ்வளவு கிலோபைட் போகிறது.” இதைத் தாண்டி ஒரு சொல் கூட்டினாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

சுங்கவரிக் கணக்கு

சுங்கவரியை அரசுக்குக் கட்டுவது இறக்குமதியாளர். ஏற்றுமதி செய்யும் நாடு அல்ல. அந்தச் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பது பிறகு வரும் தனிக் கேள்வி. வரி விழுவது சுங்கத்தில் காட்டிய மதிப்பின் மீது, கடை விலையின் மீதல்ல. பேச்சுக்கு ஒரு ரௌட்டரின் இறக்குமதி மதிப்பு 60 டாலர், கடை விலை 150 டாலர் என்று வைப்போம். 25 சதவீத வரி 15 டாலர். முழுவதையும் வாங்குபவர் தலையில் கட்டினாலும் விலை 10 சதவீதம்தான் ஏறும். “25 சதவீத வரி, ஆகவே 25 சதவீத விலையேற்றம்” என்ற கணக்கு இப்படித்தான் உடைகிறது.

வரி உண்டா என்பதைப் பார்க்க முதலில் பொருளின் சுங்கக் குறியீடு வேண்டும். ஸ்மார்ட்போன் 8517.13, மடிக்கணினி 8471.30. பிறகு பூர்வீக நாடு. அது கப்பல் ஏறிய துறைமுகம் அல்ல. பொருள் கடைசியாக முக்கிய உருமாற்றம் பெற்ற நாடு. கடைசியாக, அமெரிக்க வரிப் பட்டியலின் 99ஆம் அத்தியாயத்தில் அந்தக் குறியீட்டுக்குக் கூடுதல் வரி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன இரண்டுக்கும் அடிப்படை வரி பூஜ்யம். கூடுதல் வரிகள்தான் அரசியலின் களம். அறிவித்ததும் அமலானதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சீனப் போன்கள், மடிக்கணினிகள் மீது 2019 டிசம்பர் 15 அன்று வரவிருந்த ‘4பி’ பட்டியல் வரி, வர்த்தக உடன்பாட்டால் அமலுக்கே வரவில்லை. அந்த ஆண்டு போன் விலைக்கு அதைக் காரணம் காட்டுவது தவறு.

டிஜிட்டல் சேவை வரியை இதோடு குழப்பவேண்டாம். பிரான்ஸ் 2019இல் கொண்டுவந்தது வருவாயின் மீது 3 சதவீதம். அது சுங்கத்தில் வசூலாவதில்லை.

பதிலை எழுதும்போது

ஒரு பதிலில் ஒரு கூற்று. ஆவணத்தின் பெயர், பிரிவு எண், தேதி, லிங்க், கூடவே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய நிலையைச் சேமிக்கும் தளம்) சேமித்த பிரதி. அரசுப் பக்கங்களும் நிறுவனப் பக்கங்களும் சத்தமில்லாமல் திருத்தப்படும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், பெரும்பாலும் அதில் தேதி இருக்காது.

அமெரிக்க நிறுவனங்கள் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தரும் 10-கே ஆண்டறிக்கையிலிருந்து மேற்கோள் காட்டும்போது பகுதியைச் சொல்லுங்கள். 1ஏ பகுதி நடக்கக்கூடிய ஆபத்துகளின் பட்டியல். “ஒப்புக்கொண்டுவிட்டார்கள்” என்று அதைக் காட்டுவது அபத்தம். நிலுவையிலுள்ள வழக்குகள் 3ஆம் பகுதியில் இருக்கும். வழக்குத் தொடுத்த மனு என்பது குற்றச்சாட்டு மட்டுமே, தீர்ப்பு அல்ல. தீர்ப்பு வந்தபின்னும் மேல்முறையீட்டைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு விவகாரத்தில் ஐரோப்பிய ஆணையம் 2018இல் கூகுளுக்கு விதித்த 434 கோடி யூரோ அபராதத்தை, பொது நீதிமன்றம் 2022இல் 412.5 கோடியாகக் குறைத்தது. பழைய தொகையை எழுதினால் உங்கள் மற்ற வாதங்களும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எதிரில் இருப்பவர் உங்களுடையதைவிடப் பிந்திய தேதியிட்ட ஆவணத்தைக் காட்டினால், எழுதியதை அழிக்காதீர்கள். பதிலின் மேலே தேதியோடு திருத்தத்தைச் சேர்த்து, பழைய வரியைக் கீழே அப்படியே விட்டுவிடுங்கள்; பின்னால் வருபவர் எந்த நாளில் எது சரியாக இருந்தது என்பதைத் தொடர்ந்து படிக்க முடியும்.