உங்கள் பாட்டு படத்தில் ஒலிக்க: சிங்க் லைசென்ஸ் வாய்ப்பு தேடுவது எப்படி?

படம், தொடர், விளம்பரம், கேம் என எதில் ஒரு பாட்டைச் சேர்க்கவும் இரண்டு அனுமதிகள் வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்கும் வாங்குவது சிங்க் லைசென்ஸ். அந்த ஒலிப்பதிவுக்கு வாங்குவது மாஸ்டர் லைசென்ஸ். பிரபலமான பாட்டுக்கு இவை வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கும். கையெழுத்து வாங்கவே வாரக்கணக்கில் இழுக்கும். தானே எழுதி, தானே பதிவு செய்தவரிடம் இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன. புதியவரின் பெரிய பலம் இதுதான். ஆகவே வாய்ப்பைத் தேடிக் கிளம்பும் முன் உரிமைக் கணக்கைச் சுத்தமாக்குங்கள்.

படி 1: பங்கை எழுதி வையுங்கள்

பாட்டை உருவாக்கிய ஒவ்வொருவரின் பெயரையும் பங்கையும் ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். இதற்கு ஸ்பிளிட் ஷீட் என்று பெயர். கூட்டினால் சரியாக 100 சதவீதம் வர வேண்டும். மாஸ்டருக்குத் தனிக் கணக்கு. கிதார் வாசித்துக் கொடுத்த நண்பரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே டா" ஒப்பந்தம் கேட்பவருக்குப் போதாது.

வேறொரு பதிவிலிருந்து வெட்டிய சாம்பிள் 2 விநாடிதான் என்றாலும் அனுமதி தேவை. இணையத்தில் லீஸுக்கு வாங்கிய பீட் (வேறொருவர் செய்த பின்னணி இசை) என்றால் அதன் விதிகளைப் படியுங்கள். சிங்க் பயன்பாட்டை விலக்கி வைத்திருக்கும் லீஸ்கள் ஏராளம்.

படி 2: பதிவு

ராயல்டி வசூல் அமைப்பு ஒன்றில் சேருங்கள். அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ, பிரிட்டனில் பிஆர்எஸ், இந்தியாவில் ஐபிஆர்எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானால், எந்தப் பாட்டு எங்கே எவ்வளவு நேரம் ஒலித்தது என்று தயாரிப்பாளர் தரும் பட்டியலான க்யூ ஷீட்டை வைத்துத்தான் உங்களுக்குப் பணம் வரும். அதில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் பணம் எங்கோ தேங்கிவிடும். ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட ஐஎஸ்ஆர்சி குறியீட்டைப் பொதுவாக உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரே (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தருபவர்) கொடுத்துவிடுவார்.

படி 3: கோப்புகள்

பல பாட்டுகள் கைநழுவுவது இங்கேதான். எடிட்டர் உங்கள் பாட்டைக் காட்சிக்கு அடியில் போட்டுப் பார்க்கிறார். 12-ஆம் விநாடியில் வசனம் தொடங்குகிறது. உங்கள் குரல் அதன்மேல் ஏறுகிறது. இன்ஸ்ட்ருமென்டல் கையில் இருந்தால் அந்த இடத்தில் மாற்றிப் போட்டுவிடுவார். இல்லையென்றால் வேறு பாட்டுக்குப் போய்விடுவார். கேட்டு எழுதி, பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு நேரம் இருக்காது.

எனவே மிக்ஸ் முடித்த அன்றே முழுப் பாட்டு, இன்ஸ்ட்ருமென்டல், 60, 30, 15 விநாடி வெட்டுகள், டிரம்ஸ்–பேஸ்–குரல் எனப் பிரித்த ஸ்டெம்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வேவ் வடிவம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டு ஃபேட் ஆகித் தேய்ந்து போவதைவிடத் தெளிவாக முடிந்தால் எடிட்டருக்கு வசதி.

"ஃபைனல் மிக்ஸ் 3" என்ற பெயரில் அனுப்பாதீர்கள். கலைஞர், பாட்டு, வெர்ஷன் மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். வேவில் டேக்குகள் (கோப்புக்குள்ளேயே எழுதும் விவரங்கள்) நம்பும்படி தங்குவதில்லை. ஆகவே கேட்டுப் பார்க்க எம்பி3 ஒன்றும் சேருங்கள். அதன் டேக்கில் மின்னஞ்சல், தொலைபேசி, உரிமைப் பங்கு மூன்றும் இருக்க வேண்டும்.

படி 4: தேடல்

உங்கள் பாணிக்கு ஒத்துவரும் மூன்று தொடர்களை எடுங்கள். டியூன்ஃபைண்ட் தளத்தில் எந்தக் காட்சிக்கு எந்தப் பாட்டு என்று பார்க்கலாம். தொடரின் கிரெடிட்டில், பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் மியூசிக் சூப்பர்வைசரின் பெயர் வரும். நூறு பேருக்கு ஒரே மடலைத் தட்டிவிடுவதைவிட இப்படி ஐந்து பேரைக் கண்டுபிடிப்பது மேல்.

குறும்பட இயக்குநர்கள், சிறு கேம் குழுக்கள், பாட்காஸ்டர்கள் ஆகியோரையும் அணுகுங்கள். தொகை சிறியது, ஆனால் பதில் வரும். பாட்டுகளுக்கு இணையத்திலேயே லைசென்ஸ் விற்கும் பாண்ட்5 போன்ற லைப்ரரிகளும் உண்டு.

படி 5: மடல்

நாலு வரி போதும்: எந்தத் தொடருக்கு, எந்த மனநிலைக்கு, இரண்டு பாட்டு, "இரண்டு உரிமையும் என்னிடமே" என்ற ஒரு வாக்கியம். பாட்டை இணைப்பாக அனுப்பாமல், காலாவதியாகாத லிங்க் கொடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

படி 6: கையெழுத்துக்கு முன்

எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எந்த ஊடகங்கள், பிரத்யேகமா இல்லையா என்பதைப் பாருங்கள். பிரத்யேகம் என்றால் அதே பாட்டை வேறெங்கும் லைசென்ஸ் செய்ய முடியாது. பாட்டு திரும்ப உங்கள் கைக்கு வரும் தேதி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரிடம் யூடியூப் கன்டென்ட் ஐடியை (வீடியோக்களில் உங்கள் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி) இயக்கி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இயக்கியிருந்தால், காசு கொடுத்து வாங்கியவரின் வீடியோமீதே உரிமைக் கோரல் விழும். பாட்டை லைப்ரரியில் ஏற்றுமுன் அதை நிறுத்துங்கள், அல்லது வாங்குபவரின் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.