எலும்பு கூடுகிறதா? எக்ஸ்ரே படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் முறை

கையோ காலோ முறிந்தவர் வீட்டில் எக்ஸ்ரே உறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துச் சில நொடிகள் பார்ப்பார். "கூடி வருகிறது, ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்பார். அந்தச் சில நொடிகளில் அவர் கண் எங்கெங்கே போனது என்பதைப் புதியவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். கட்டை எப்போது பிரிப்பது, எப்போது கால் ஊன்றுவது என்பதெல்லாம் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரால் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

படி 1: படங்களை வரிசைப்படுத்துங்கள்

ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எலும்பு கூடுகிறதா என்று சொல்வது கடினம். முறிந்த அன்று எடுத்தது, கட்டுப் போட்ட பிறகு அல்லது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எடுத்தது, அதற்கடுத்து எடுத்தவை என எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். பெயர், தேதி, இடது வலது குறி ஆகிய மூன்றையும் சரிபாருங்கள்.

ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு கோணங்களில் படம் எடுப்பார்கள்: ஒன்று நேராக, மற்றொன்று பக்கவாட்டில். நேர்ப் படத்தை நேர்ப் படத்தோடும், பக்கவாட்டுப் படத்தைப் பக்கவாட்டுப் படத்தோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். கோணம் சற்றுத் திரும்பினாலும் முறிவுக் கோடு மறைந்துவிட்டது போலத் தோன்றும். வீணான மகிழ்ச்சிக்கும் வீணான பயத்திற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படி 2: படத்தில் எது தெரியாது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான் என்பேன். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள கால்சியம். ஆனால் முறிந்த எலும்பு கால்சியத்தோடு கூடத் தொடங்குவதில்லை. முதலில் முறிந்த இடத்தில் இரத்தம் கட்டுகிறது, அழற்சி உண்டாகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடத்தை நார்த்திசுவும் குருத்தெலும்பும் நிரப்பி, இரு முனைகளையும் இளகலாகப் பிணைக்கின்றன. உடல் முழு மூச்சோடு வேலை செய்யும் காலம் அது. படத்திலோ எதுவும் நடந்ததாகத் தெரியாது, ஏனென்றால் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாது.

சில சமயம் இரண்டாவது வாரப் படத்தில் முறிவுக் கோடு முன்பைவிட அகலமாகக்கூடத் தெரியும். இதைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். முறிந்த முனைகளில் இரத்த ஓட்டம் இழந்த எலும்பை உடலே அரித்து அகற்றுவதால் வரும் மாற்றம் இது. முனைகள் இடம் மாறாமல் இருந்தால், அந்தக் கட்டத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதே.

படி 3: முதல் இரண்டு வாரங்களில் நேர்கோட்டைப் பாருங்கள்

அப்படியானால் இவ்வளவு சீக்கிரம் படம் எடுப்பது எதற்கு? முனைகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். வீக்கம் வடிந்ததும் மாவுக்கட்டு தளர்ந்துபோகும், அப்போது எலும்பு நழுவக்கூடும். எலும்பின் நீளவாக்கில் ஒரு கோட்டை மனதில் வரையுங்கள். முறிவுக்கு மேலும் கீழும் அந்தக் கோடு ஒரே நேராகப் போகிறதா, முந்தைய படத்தைவிடச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கண்டுபிடித்தால் திருத்துவது எளிது. புது எலும்பு இறுகிய பிறகு திருத்த வேண்டுமானால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

படி 4: புது எலும்பைத் தேடுங்கள்

பெரியவர்களுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் முறிவைச் சுற்றி மங்கலான வெண்புகை போன்ற ஒரு படலம் தெரியத் தொடங்கும். மருத்துவர்கள் இதைக் கால்லஸ் என்கிறார்கள். குழந்தைகளுக்கு இது இன்னும் முன்னதாகவே தெரியும். அடுத்தடுத்த படங்களில் படலம் அடர்ந்து, ஓரம் தெளிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ச்சியாகச் செல்ல வேண்டும்.

இப்போது எண்ணத் தொடங்குங்கள். நீண்ட எலும்பின் இரு ஓரங்களிலும் அழுத்தமான வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை எலும்பின் வெளிச்சுவர்கள். நேர்ப் படத்தில் இரண்டு, பக்கவாட்டுப் படத்தில் இரண்டு, ஆக நான்கு. இவற்றில் மூன்றிலாவது புது எலும்பு பாலம் கட்டியிருந்தால் எலும்பு கூடிவிட்டதாகப் பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். கீழ்க்கால் எலும்புக்காக 2010-இல் வெளியான 'ரஸ்ட்' என்ற மதிப்பெண் முறையும் இந்த நான்கு சுவர்களையே கணக்கில் கொள்கிறது. ஒவ்வொரு சுவரிலும் புது எலும்பே இல்லையென்றால் 1, புது எலும்பு இருந்தும் முறிவுக் கோடு தெரிந்தால் 2, பாலம் கட்டி முறிவுக் கோடும் மறைந்தால் 3. நான்கையும் கூட்டினால் 4 முதல் 12 வரை வரும்.

படி 5: உள்ளே உலோகம் இருந்தால்

பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து முனைகளை அசையவிடாமல் இறுக்கியிருந்தால் கால்லஸ் மிகக் குறைவாகவே வரும், சிலருக்கு வராமலும் போகும். அங்கே எலும்பு நேரடியாகவே கூடுகிறது, முறிவுக் கோடு மெல்ல மங்கி மறையும். அதனால் கால்லஸ் இல்லையே என்று பதற வேண்டாம். எலும்பின் நடுக்குழாயில் ராடு பொருத்தியவர்களுக்கு முனைகள் சிறிது அசைவதால் கால்லஸ் நன்றாகவே தெரியும்.

உலோகத்தையும் பாருங்கள். ஸ்குரூ உடைந்திருப்பது, பிளேட் வளைந்திருப்பது, ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் அகன்றுகொண்டே போவது ஆகியவை உள்ளே அசைவு அதிகம் என்பதைக் காட்டுகின்றன. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 6: எக்ஸ்ரே போதாதபோது

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஸ்கேபாய்டு என்னும் சிறு எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால்தான் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் படம் எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். எலும்பின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் நின்றுவிட்டதா, தொற்று உள்ளதா என்ற ஐயங்களுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும். பாலம் உண்மையிலேயே கட்டியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாதபோது சி.டி. ஸ்கேன் குறுக்குவெட்டாகக் காட்டும். ஆனால் அதில் கதிர்வீச்சு அதிகம், உலோகத்தைச் சுற்றிக் கீற்றுகளும் விழும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேறு வகை. முறிவு கூடியதா என்பதை அது சொல்லாது.

கை, கால் எக்ஸ்ரே ஒன்றில் படும் கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையாகவே நம்மீது படுவதைவிடக் குறைவு. ஆகவே மருத்துவர் கேட்கும் படத்தைத் தவிர்க்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 7: படத்தையும் வலியையும் சேர்த்துப் பாருங்கள்

படம் எப்போதும் உடலுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். முறிந்த இடத்தை அழுத்தினால் வலி இல்லை, பாரம் ஏற்றினாலும் வலி இல்லை என்றால், கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தாலும் எலும்பு கூடிவருகிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். மாறாக, மாதங்கள் கடந்தும் வலி குறையாமல், அடுத்தடுத்த படங்களில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். முறிந்து ஒன்பது மாதம் ஆகி, கடைசி மூன்று மாதங்களில் முன்னேற்றமே இல்லையென்றால் அதை எலும்பு கூடாமை என்று வகைப்படுத்துவது வழக்கம். அதற்கு வெகு முன்பே மருத்துவர் காரணத்தைத் தேடத் தொடங்குவார். புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை நோய், தொற்று ஆகியவை அவர் முதலில் கேட்பவை. புகைபிடிப்பவர் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், இன்றே நிறுத்துங்கள்.

எலும்பு கூடிய பிறகும் படம் மாறிக்கொண்டே இருக்கும். முறிவிடத்தில் தெரியும் புடைப்பை உடல் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், செதுக்கிச் சீராக்கும். குழந்தைகளுக்குச் சிறிய சாய்வுகூட வளர வளர நேராகிவிடும். ஆனால் எலும்பு முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் அது தானாகச் சரியாவது அரிது. எக்ஸ்ரேயில் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம் என்பதால், இரு கைகளையும் அல்லது இரு கால்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.