ஓடும் குழாயில் ஹாட் டேப்பிங்: துளை போடும் முன் பார்க்க வேண்டியவை

ஓட்டத்தை நிறுத்தாமல் குழாயில் புதுக் கிளை எடுப்பதுதான் ஹாட் டேப்பிங். இதில் பலரும் பயப்படுவது துளை போடும் கட்டத்துக்கு. வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் அதற்கு முன் கிளைக்கான டீயைக் குழாயில் பொருத்தும் வெல்டிங்தான்.

உள்ளே ஓடுவது ஆக்ஸிஜன், அசிட்டிலீன், ஹைட்ரஜன் என்றால் லைனை நிறுத்தியே செய்யுங்கள். மற்றவற்றில், வெல்டு விழும் பட்டை முழுவதையும் அல்ட்ராசோனிக் கருவியால் அளக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள தடிமன், அரிப்புக்கு முந்தைய கணக்கு. 4.8 மி.மீ.க்குக் கீழே போனால் இடத்தை மாற்றுங்கள், 6.4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சுவர் உருகி ஓட்டை விழும் பயம் குறைவு.

ஓட்டத்தின் வேகம் இருபக்கமும் வெட்டும். அது நின்றுவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் சுவர் உருகும். மிக வேகமாக ஓடினால் வெல்டு சட்டென்று குளிர்ந்து, கடினமாகி, ஹைட்ரஜன் விரிசல் விடும். அதனால்தான் அடுப்பில் உலர்த்திய லோ-ஹைட்ரஜன் வெல்டிங் ராடு. முதல் பாஸுக்கு (முதல் வெல்டு அடுக்குக்கு) 2.4 மி.மீ. ராடு போதும்.

ஸ்ப்ளிட் டீ என்பது குழாயை இருபுறமும் கவ்வும் இரண்டு பாதிகளாக வரும் கிளை இணைப்பு. அதன் நீளவாக்கு இணைப்புகளை, அடியில் பட்டை வைத்து, குழாயோடு ஒட்டாமல் முதலில் முடியுங்கள். பிறகு ஒரு பக்க வளைய வெல்டு. அது ஆறிய பின்தான் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் சுருக்கம் குழாயை இழுக்கும்.

ஃபுல் போர் வால்வை (கட்டர் தடையின்றி நுழையும் அளவு முழுத் துளை உள்ளது) டீயில் மாட்டி, டீயை அழுத்தச் சோதனை செய்யுங்கள். சோதனை அழுத்தம் லைன் அழுத்தத்தை விட அதிகம் ஏறினால் டீக்குள் இருக்கும் குழாய் வெளியிலிருந்து நசுங்கும். லைன் அழுத்தத்தை விட 10 சதவீதத்துக்கு மேல் கூட விடாதீர்கள்.

துளையிடும் இயந்திரத்தை வால்வின் மேல் ஏற்றுமுன், கட்டர் குழாயைத் தொடும் தூரம், வெட்டி முடிக்கும் தூரம், வால்வைத் தாண்டிப் பின்வாங்கும் தூரம் மூன்றையும் அளந்து போரிங் பாரில் (கட்டரைத் தாங்கி முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டில்) குறியுங்கள். கட்டரின் நடுவில் முதலில் துளைக்கும் பைலட் டிரில்லில், வெட்டிய துண்டைப் பிடித்து வைக்கும் யு-வயர் கம்பிகள் தளர்ந்திருந்தால் வெட்டிய வட்டத் துண்டு உள்ளே விழுந்து, கீழ்ப்பக்க வால்விலோ பம்பிலோ போய் மாட்டும். இந்தக் கம்பிகளைப் பார்க்காமல் துவங்குவது சோம்பேறித்தனம்.

பைலட் ஊடுருவியதும் ப்ளீட் வால்வு (அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு) வழியாகக் காற்றை வெளியேற்றுங்கள். கட்டர் முதலில் குழாயின் முகட்டை மட்டுமே தொடுவதால் அதிரும். ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தை, மெதுவாக வையுங்கள். சுமை சட்டென்று இறங்கினால் வெட்டு முடிந்திருக்கலாம், ஆனால் குறித்த தூரம் வந்ததா என்று பார்த்த பின்னரே நிறுத்துங்கள்.

பாரை முழுவதும் பின்வாங்கி, வால்வை மூடி, ப்ளீடில் அழுத்தம் சுழியமாகி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். மறுபடி ஏறினால் வால்வு கசிகிறது. இயந்திரத்தின் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.